தண்ணீர்த் தொட்டியில் திரும்பும் தேர்

விழுப்புரம்,
18 மே 2025

பிரியா,

சந்தியாகப்பரைத் திருடிக்கொண்டு போனது நீதான். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. அப்பாவின் வருஷப் பூசைக்கு உனக்கு மடத்தில் ஒரு நாள் லீவு கொடுத்தார்கள். வரும்போது உன் பை காலியாகத் தொங்கியது. போகும்போது அதைத் தூக்கி வந்து காணை ஸ்டாப்பில் உன்னை பஸ் ஏற்றிவிட்டது நான். தோள் இறங்கிப் போனது. "இன்னா பிரியா, செங்கல்லா?" என்று கேட்டேன். "தியானப் புத்தகம்ணா" என்றாய். ஆக, திருட்டுப் பொருளைச் சுமந்தவன் நானே. அதுதான் இன்னும் எரிகிறது.

புயல் வெள்ளத்தில் காலனியின் குட்டிக் கெபிக் கோயில் இடிந்ததிலிருந்து, குதிரைமேல் இருக்கிற அவர் சுரூபம் நம் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குத் தெருவே கூடியது. திரையை விலக்கினால் வெறும் பலகை. பூமாலை அத்தை கையில் மெழுகுவர்த்தியோடு, "எங்கடா நம்ம குதுரைக்காரரு, மேய்ச்சலுக்குப் போயிட்டாரா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

இந்த வருஷம் ஏன் அவர் கட்டாயம் வேண்டும் என்று உனக்கே தெரியும். ஊர்த் திருவிழாவில் கோயில் தேர் மேல்தெரு முழுக்கச் சுற்றும். காலனி முனையில் தண்ணீர்த் தொட்டி வந்ததும் திரும்பிவிடும். தொட்டிக்கு இந்தப் பக்கம் நாம் கையைக் கூப்பிக்கொண்டு நிற்போம். அப்பா நின்றார், தாத்தா நின்றார். நான் நிற்கப் போவதில்லை. ஜூலை 25 அன்று நம் தெருவுக்கு நாமே சப்பரம் இழுப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.

புதுச் சுரூபம் கடையில் கிடைக்கும். அதை ஜெபித்து மந்திரித்துத் தர மாட்டேன் என்று பங்குசாமியார் சொல்லிவிட்டார். மந்திரிக்காத சுரூபத்துக்குப் பின்னால் நம் ஜனம் நடக்காது. "அது பொம்மடா. பொம்மைக்குப் பின்னாடி நடக்கறதுக்கு நான் ரேஷன் கடை லைன்ல நிப்பேன், பாமாயிலாவது கெடைக்கும்" என்கிறாள் அத்தை. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த அந்த மரக்குதிரைதான் நமக்கு இருக்கிற ஒரே குதிரை.

எனக்குப் பக்தி கிடையாது. ஆனாலும் எனக்கு அவர் வேண்டும்.

அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை. எனக்கு அதே ஜெராக்ஸ் கடை, அதே புழுக்கம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? சுரூபத்தை அனுப்பு.

சகாயராஜ்


மரியே வாழ்க

நவகன்னியர் இல்லம், திண்டிவனம்,
27 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் இரக்கத்தில் நான் சுகம். உன் சுகத்துக்கும் அம்மாவின் முட்டிக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அம்மாவை நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கடிதங்களை மதர் படித்துவிட்டுத்தான் எங்களிடம் தருவார். 'திருடிக்கொண்டு' என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுத் தந்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

தோட்டத்தில் மல்லாட்டை பிடுங்கிவிட்டோம். கடலைத் தோலை உடைத்து உடைத்துக் கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. 'என்னுடையது' என்ற நினைப்பே ஒரு சுமை என்று மதர் வகுப்பில் சொன்னார். ஒரு சுரூபத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டுமோ என்று யோசித்தேன். சந்தியாகப்பர் மரத்திலா இருக்கிறார், அண்ணா? நம் மனதில் இருந்தால் போதாதா? சப்பரம் இந்த வருஷமே அவசியமா? அடுத்த வருஷம் ஆகக் கூடாதா?

குரூப் ஃபோர் பரீட்சையில் நீ தேறியது அம்மா சொல்லித்தான் தெரியும். நீ எழுதவே இல்லையே. சான்றிதழ் சரிபார்ப்பு எப்போது?

அன்புடன்,
செலின்


விழுப்புரம்,
4 ஜூன் 2025

மதர் அவர்களுக்கு முதலில் வணக்கம். நீங்கள்தானே முதலில் படிக்கப் போகிறீர்கள். பென்சிலைச் சீவி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரியா (கோயில் பெயரில் கையெழுத்துப் போட்டாலும் எனக்கு நீ பிரியாதான்), நீ இல்லை என்று சொல்லவில்லை. "நான் எடுக்கவில்லை" என்பது இரண்டே சொல். மல்லாட்டைக்கு ஒரு பத்தி ஒதுக்கிய உனக்கு அந்த இரண்டு சொல்லுக்கு இடம் கிடைக்கவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து பங்குசாமியாரைப் பார்த்தேன். என்னோடு நம் தெரு ஆரோக்கியராஜும் வந்தான். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"ஸ்தோத்திரம் சாமி. புதுச் சுரூபம் வாங்கியாந்தா மந்திரிச்சிக் குடுக்க மாட்டீங்களா?"

"உங்க தெருவுக்குத் தனியா எதுக்குப்பா? கோயில்ல இருக்கிற சந்தியாகப்பர் எல்லாருக்கும் பொதுதானே."

"பொதுன்னா எங்க தெருவுக்கும் வரணும் இல்ல சாமி?"

"ரோடு குறுகல்."

"சிமெண்ட் ரோடு போட்டாச்சி. கரும்பு லாரியே வந்துக்கினு கீது."

"கரண்டு வயரு தாழ்வா தொங்குது. தேர்ல பட்டா யாரு பொறுப்பு?"

"ஏத்திக் கட்டிட்டாங்க சாமி, வந்து பாருங்க" என்றான் ஆரோக்கியராஜ்.

சாமியார் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். "சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்குப்பா. திருவிழா நேரத்துல சமாதானம் முக்கியம்" என்றார்.

சமாதானம் என்றால் நாம் தொட்டிக்கு இந்தப் பக்கமே நிற்பது. எல்லோரும் சகோதரர்கள் என்று பிரசங்கம் வைக்கிற அதே வாய். செத்தால்கூட நமக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தனிக் கல்லறை. அப்பாவை எங்கே புதைத்தோம் என்று போன மாதம்தான் பார்த்துவிட்டுப் போனாய்.

கிளம்பும்போது என்னை மட்டும் நிறுத்தினார். "உன் தங்கச்சி ஆகஸ்ட்ல கன்னியாஸ்திரியா முதல் வார்த்தைப்பாடு குடுக்குது இல்ல? பங்குல இருந்து நான்தான் லெட்டர் குடுக்கணும். நல்ல பொண்ணு. சொன்னா புரிஞ்சிக்கும்."

சொன்னால் புரிந்துகொள்வாயாம். உன்னிடம் என்ன சொன்னார்?

அம்மா சுகம். ஒத்தடம் நடக்கிறது. கட்டைவிரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவு.

சகாயராஜ்


மரியே வாழ்க

திண்டிவனம்,
14 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். நேற்று அந்தோணியார் திருநாள். இல்லத்தின் வாசலில் ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்தோம். வரிசையில் நம் பூமாலை அத்தை ஜாடையில் ஒரு கிழவி. "ரொட்டி மட்டுந்தானா, குருமா கெடையாதா?" என்று கேட்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்ததற்காக மதரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பங்குத்தந்தை அப்பாவின் பூசைக்கு முன்னால் என்னைப் பூசை உடுப்பு மாற்றும் சக்ரீஸ்து அறைக்குள் கூப்பிட்டு ஆசீர்வதித்தார். நல்ல வார்த்தை சொன்னார். அவ்வளவுதான்.

சரிபார்ப்புக்குத் தேதி வந்துவிட்டதா? அம்மாவுக்கு அந்த வேலை எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசி. வேலை ஆணை கைக்கு வரும்வரை யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளாதே, அண்ணா. கோபத்தில் எதையும் செய்துவிடாதே.

சந்தியாகப்பரைப் பற்றிக் கவலைப்படாதே. எங்கே இருந்தாலும் நனையாமல், பத்திரமாகத்தான் இருப்பார்.

அன்புடன்,
செலின்


விழுப்புரம்,
19 ஜூன் 2025

பிரியா,

நனையாமல்!

காணாமல் போன பொருளைப் பற்றி யாரும் 'நனையாமல் இருக்கும்' என்று எழுத மாட்டார்கள். ஒளித்து வைத்தவர்கள்தான் எழுதுவார்கள். உனக்கு முதலிலிருந்தே பொய் சொல்ல வராது. அதனால்தான் இப்போது சுற்றி வளைக்கிறாய்.

வீட்டில் இன்னொரு ஆளும் இப்படித்தான். அம்மாவைக் கேட்டேன்.

"யம்மா, சுரூபம் காணாப் போச்சே, உனக்குப் பதறலையா?"

"பதறி இன்னா ஆவப் போவுது?"

"யாருதான் எடுத்தது?"

"எடுத்தவங்க நல்லதுக்குத்தான் எடுத்துருப்பாங்க. நீ போயி சோறு துன்னு."

எந்த வீட்டிலாவது திருட்டுக் கொடுத்தவர்கள் இப்படிப் பேசுவார்களா? உனக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஏதோ ஓடுகிறது. தெருவில் என்னைக் கேட்கிறார்கள். "உங்க வூட்ல வச்சதுக்கு நீதானடா பதில் சொல்லணும்" என்கிறார்கள். சரியான கேள்விதானே.

அப்புறம், நீ ஒவ்வொரு கடிதத்திலும் என் வேலையைப் பற்றிக் கேட்கிறாய். அந்த வேலை சகாயராஜுக்குக் கிடைக்கப் போவதில்லை, பச்சமுத்துவுக்குத்தான் கிடைக்கப் போகிறது. அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் தாத்தா பெயரில்தான் சேர்த்தார், இந்து என்று எழுதி. உன்னையும் அப்படித்தான். பள்ளியில் கலைப்பிரியா, கோயிலில் செலின். வேதக்காரன் என்று எழுதினால் எஸ்.சி. சலுகை கிடையாது. ஞானஸ்நானம் வாங்கினால் சாதி போய்விட்டது என்று சர்க்கார் நம்புகிறது. கோயில் தேருக்கு மட்டும் அது போகவில்லை என்று தெரிந்திருக்கிறது.

இதற்கும் சுரூபத்துக்கும் என்ன தொடர்பு? இருக்கிறது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு பார்வையாளர் நாள் என்று வந்தபோது சொன்னாய் அல்லவா? வருகிறேன். முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சகாயராஜ்


விழுப்புரம்,
30 ஜூன் 2025

பிரியா,

நேற்று ராயப்பர் சின்னப்பர் திருநாள். அப்பாவின் பெயர்நாள். அதற்காக அம்மா அதிரசம் சுட்டுக் கொடுத்தாள். டப்பாவை உங்கள் இல்லத்து வாசலில் இருந்த சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். உன் கைக்கு வந்ததா?

உன்னைப் பார்க்க முடியாது என்றார்கள். நீ தியானத்தில் இருக்கிறாயாம். தியானத்தில் இருப்பவர்கள் யாரோடும் பேசக் கூடாதாம். நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். அப்போது உள்ளே பாட்டுப் பழகும் சத்தம் கேட்டது. ஆர்மோனியம், நாலைந்து குரல். அதில் ஒன்று உன் குரல். மேல் ஸ்தாயி போகும்போது நீ மூச்சு வாங்கும் விதம் எனக்குத் தெரியாதா? நடுவில் யாரோ தப்பாகப் பாடியதற்கு நீ சிரிக்கக்கூடச் செய்தாய்.

தியானம் என்று சொன்ன சிஸ்டர் என் முகத்தைப் பார்க்காமல் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

பார்க்க முடியாது என்றது அவர்களா, பார்க்க மாட்டேன் என்றது நீயா?

பஸ்ஸில் திரும்பும்போது விக்கிரவாண்டி தாண்டும்வரை அந்தப் பாட்டே காதில் ஓடியது. நன்றாகத்தான் பாடுகிறாய்.

சகாயராஜ்


இயேசுவில் அமைதி

திண்டிவனம்,
5 ஜூலை 2025

மதிப்பிற்குரிய திரு. சகாயராஜ் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் தாயாரும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். சகோதரி செலின் நலம்.

முதல் வார்த்தைப்பாட்டுக்கான தயாரிப்புக் காலத்தில் நவகன்னியருக்கு மன அமைதி தேவை. எனவே வார்த்தைப்பாடு முடியும்வரை கடிதப் போக்குவரத்தையும் சந்திப்பையும் தவிர்க்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கடைசிக் கடிதம் அவரிடம் கொடுக்கப்படவில்லை.

தங்கள் பங்குத்தந்தை சென்ற வாரம் இல்லத்துக்கு வருகை தந்து சகோதரியைக் குறித்து நல்ல சாட்சியம் அளித்தார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன். குடும்பத்தாரும் அந்தச் சாட்சியத்துக்குப் பொருத்தமாக நடந்துகொள்வார்கள் என நம்புகிறேன்.

அதிரசம் அனைவரும் பகிர்ந்துகொண்டோம். நன்றி.

இறைப்பணியில்,
நவகன்னியர் தலைவி


திண்டிவனம்,
11 ஜூலை 2025

அண்ணா,

இந்தக் கடிதம் மதர் படிக்காதது. சமையற்கட்டில் வேலை செய்யும் முனியம்மாள் அக்கா பஸ் ஸ்டாண்டில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். பதில் எழுதினால் அவள் வீட்டு விலாசத்துக்கு எழுது, கீழே கொடுத்திருக்கிறேன்.

நான்தான் எடுத்தேன்.

அப்பா பூசைக்கு முன்னால் சாமியார் என்னிடம் சொன்னது இது. "உங்க அண்ணன் ரெண்டு பெயர் வச்சிக்கிட்டு இருக்கான். சப்பரம் வெளிய வந்தா திருவிழாக் கமிட்டிக்காரங்க தாசில்தாருக்கு மனு குடுத்துடுவாங்க. எழுதி ரெடியா வச்சிருக்காங்க. ஞானஸ்நானச் சான்று கேட்டா நான் குடுக்காம இருக்க முடியாதும்மா. சப்பரம் வரலைன்னா மனுவும் போகாது." என் வார்த்தைப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டேன். "இல்லம்மா. ஆனா கலவரம் பண்ற குடும்பத்தப் பத்தி நான் எப்படி நல்லா எழுதறது?" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா சுரூபத்தை இறக்கித் தன் புடவையில் சுற்றி என் பையில் வைத்தாள். "புள்ள வேல போயிடக் கூடாதுடி. சாமிக்கு வேல போவாது" என்றாள்.

நீ என் பேச்சைக் கேட்டு நிறுத்த மாட்டாய். மந்திரித்த சுரூபம் இல்லாமல் பூமாலை அத்தை நடக்க மாட்டாள், அத்தை நடக்காவிட்டால் தெருவில் ஒரு பெண்ணும் நடக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். அவர்கள் விசுவாசத்தையே பூட்டாகப் போட்டேன். ஜெபமாலை சொல்லும்போது அதை நினைத்தால் கை நிற்கிறது.

நீ உன் இரண்டு பெயரையும் பளிச்சென்று எழுதி அனுப்பினாயே, அதை மதர் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. உனக்கு எப்போதுதான் பயம் வரும்?

ஒரு வருஷம் பொறு. வேலையில் சேர்ந்துவிடு. அப்புறம் இழு, நானே வந்து வடம் பிடிக்கிறேன். அவர் எங்கே என்று மட்டும் கேட்காதே. நன்றாக இருக்கிறார்.

பிரியா


விழுப்புரம்,
27 ஜூலை 2025

பிரியா,

உன் கடிதம் வந்த அன்று ஒரு விஷயம் பிடித்திருந்தது. நீ 'பிரியா' என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அதனால் நம்பினேன். அம்மாவோடு சண்டை போடவில்லை. சுரூபம் திண்டிவனத்தில் உன் பெட்டியில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எழுதவும் இல்லை.

சரி, நடந்ததைக் கேள்.

24 சாயங்காலம் கோயில் தேர் வந்தது. பேண்டு, வாணவேடிக்கை, சீரியல் பல்பு. தொட்டிக்கு அந்தப் பக்கம் நாலு போலீஸ். நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். தேரில் பெரிய சந்தியாகப்பர். அவர் காலடியில் சின்னதாக இன்னொரு குதிரை, புதுசாகத் தங்கச் சாயம் பூசியது. முதலில் எனக்குப் பிடிபடவில்லை. ஆரோக்கியராஜ்தான் என் கையைப் பிடித்தான். "டேய், கையில பாருடா." சின்னவர் கையில் வாளுக்குப் பதில் குடைக்கம்பி. ஒரிஜினல் வாள் உடைந்தபோது அப்பா தன் பழைய குடையிலிருந்து பிடுங்கி வளைத்து மாட்டிய கம்பி. எல்லாவற்றுக்கும் தங்கம் பூசியவர்கள் அதற்கும் பூசியிருந்தார்கள்.

நம் சந்தியாகப்பர் நம்மைப் பார்த்துக்கொண்டே தொட்டியில் திரும்பிப் போனார்.

பூமாலை அத்தை கத்தியது மேல்தெரு கடைசி வரைக்கும் கேட்டிருக்கும். "எங்க சாமிய எங்களுக்கே வேடிக்க காட்டிட்டு ஓட்டிக்கினு போறீங்களேடா, உங்களுக்கு வெக்கமா இல்ல?" போலீஸ்காரர், "யம்மா, ஓரமா நில்லு" என்றார். "ஓரமாத்தாண்டா நிக்கறோம், நாலு தலமொறையா" என்றாள்.

மறுநாள் சப்பரம் போனது. உன் பூட்டு அவ்வளவுதான் தாங்கியது.

அத்தை காலையில் வீட்டுக்கு வந்து, "போயி ஒரு சுரூபம் வாங்கியாடா, ஜல்தி" என்றாள். பாண்டிச்சேரி வரை போனேன். சந்தியாகப்பர் எந்தக் கடையிலும் இல்லை. குதிரைமேல் இருந்தவர் ஜார்ஜியார் மட்டும்தான், காலடியில் இறக்கை வைத்த பாம்போடு. அவரை வாங்கி வந்தேன். "இன்னாடா இது, ஒடும்பா?" என்று கேட்டாள். "அத்த, அது பெரிய கத, அப்புறம் சொல்றேன்" என்றேன். சாமந்திப்பூவைக் குவித்து அதை மூடினாள். "இப்ப சந்தியாகப்பருதான், போ."

மந்திரிப்பது? ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் கோயிலிலிருந்து பிடித்து வந்த மந்திரித்த தண்ணீர் எல்லார் வீட்டிலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் இருக்கிறது அல்லவா? வீட்டுக்கு வீடு வாங்கி ஒரு குண்டானில் ஊற்றினாள். "தண்ணிய மந்திரிச்சது அவருதானே? அவரு மந்திரிச்ச தண்ணி பட்டா அவரு மந்திரிச்ச மாதிரிதான். இதுக்கு மேல அவரு வந்து இன்னா பண்ணப் போறாரு?" என்று சொல்லி வேப்பிலைக் கொத்தால் தெளித்தாள். அம்மாகூட வந்து நின்றாள். வடத்தைத் தொடவில்லை, ஆனால் கடைசி வரை கூடவே நடந்தாள்.

நேற்று சாமியாரிடம் போய், எங்கள் சுரூபத்தைக் கொடுங்கள் என்று கேட்டோம். அவர் கோபப்படவே இல்லை. "அது கோயில் சொத்துப்பா. உன் தங்கச்சி காணிக்கையா குடுத்தது. வேணும்னா அவளையே கேளு" என்றார்.

பிரியா, போன மாதம் அவர் உங்கள் இல்லத்துக்கு வந்தார் என்று மதரே எழுதியிருந்தார். வந்த அன்று என்ன நடந்தது? காணிக்கை என்று நீ சொன்னாயா?

அம்மா சுகம். இந்தக் கேள்விக்குப் பதில் எழுது.

சகாயராஜ்


(அச்சிட்ட அழைப்பிதழின் பின்புறம்; முனியம்மாள் வழியாக வந்தது)

திண்டிவனம்,
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அம்மாவுக்கும் அண்ணனுக்கும்,

ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள் காலை என் முதல் வார்த்தைப்பாடு. அம்மாவுக்கு வேனில் முன்சீட்டில் இடம் கேள், பின்னால் உட்கார்ந்தால் முட்டி மடங்காது. பூமாலை அத்தையையும் கூட்டி வா. இங்கே சாப்பாட்டில் குருமா உண்டு என்று சொல்.

அண்ணா, நீ எழுதியது கிடைத்தது. ஜார்ஜியாரை நினைத்துச் சிரித்தேன், அப்புறம் நெடுநேரம் சிரிக்க முடியவில்லை. நீ வா. நீ வராமல் அன்றைக்கு நான் எப்படி நிற்பேன்?

எல்லாருக்கும் என் ஜெபம்.

செலின்


விழுப்புரம்,
7 செப்டம்பர் 2025

பிரியா,

இது நான் தொடர்ந்து எழுதும் இரண்டாவது கடிதம். ஆகஸ்ட் கடைசியில் எழுதியதற்குப் பதில் இல்லை. முனியம்மாள் அக்காவைத் திண்டிவனம் போனபோது பார்த்தேன். "குடுத்தேம்ப்பா, வாங்கி இடுப்புல சொருகிக்கினாங்க, ஒண்ணும் சொல்லல" என்றாள். அப்படியானால் படித்திருக்கிறாய்.

வார்த்தைப்பாட்டுக்கு நான் வராததற்குக் காரணம் உனக்குத் தெரியும். வந்திருந்தால் எல்லார் நடுவிலும் கேட்டிருப்பேன். அம்மா போய்விட்டு வந்து சொன்னாள், உனக்கு முதல் மாலை போட்டது நம் பங்குசாமியார்தானாம். நீ குனிந்து வாங்கிக்கொண்டாயாம். அத்தை சாப்பாட்டைத் தொடவில்லையாம்.

தாலுகா ஆபீசிலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. 'பச்சமுத்து என்கிற சகாயராஜ்' என்று விலாசம் போட்டிருக்கிறார்கள். சாதிச் சான்று பற்றிய விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். நான் தெரிந்தேதான் வடம் பிடித்தேன். அது என்னோடு போகட்டும். வேலை கிடைத்தால் பார்க்கிறேன், போனால் ஜெராக்ஸ் கடை எங்கேயும் ஓடிவிடாது. அம்மாதான் அழுகிறாள். அவள் எதைக் காப்பாற்ற அவரைப் புடவையில் சுற்றிக் கொடுத்தாளோ அது போகப் போகிறது, அவரும் போய்விட்டார்.

ஆனால் சுரூபம் என் சொந்த விஷயம் இல்லை. தெருவில் கூட்டம் போட்டுப் பேசிவிட்டோம். பாதிப் பேர் கோயில் வாசலில் உட்காரலாம், எடுத்து வராமல் எழுந்திருக்கக் கூடாது என்கிறார்கள். அத்தையும் வயசானவர்களும் அசைய மாட்டேன் என்கிறார்கள். "புடுங்கிக்கினு போயிருந்தா சொல்லு, நான்தான் மொத ஆளா வந்து குந்துவேன். அவ காணிக்கையா குடுத்துட்டிருந்தா, குடுத்ததத் திருப்பிக் கேக்கறது பாவம்டா. அத மட்டும் என்னால ஆவாது" என்றாள். எனக்கு அந்தப் பாவத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அத்தை இல்லாமல் நான் தெருவை வாசலுக்குக் கூட்டிப் போக முடியாது. உனக்குத் தெரிந்த அதே கணக்குதான்.

இப்போது உன்னிடம் போன் இருக்கிறது என்று அம்மா சொன்னாள், நம்பரும் வாங்கி வந்திருக்கிறாள். நான் கூப்பிடப் போவதில்லை. போனில் கேட்டால் நீ அழுவாய், நான் விட்டுவிடுவேன். அத்தைக்குப் படித்துக் காட்ட எனக்கு எழுத்தில் வேண்டும்.

நீ காரணம் சொல்ல வேண்டாம். யார் பயமுறுத்தினார்கள், யாருக்காகச் செய்தாய், எதுவும் வேண்டாம். பையிலிருந்து அவரை வெளியே எடுத்த கை யாருடையது? கொடுத்தாயா, பிடுங்கினார்களா? ஒரு வார்த்தை எழுது.

சகாயராஜ்